எழுத்துப்பிழையைப் பிடிக்கும் எனம்

ஆன்லைன் கடைக்கான நிரலில் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு நிலை உண்டு: பெண்டிங், ஷிப்டு, டெலிவர்டு, கேன்சல்டு. இவற்றை மேற்கோள் குறிக்குள் ஸ்ட்ரிங்காக எழுதிவிடுவது சுலபம். வம்பு கடைசிச் சொல்லில் இருக்கிறது. பிரிட்டிஷ் வழக்கில் கேன்சல்டுக்கு இரண்டு 'எல்'. அமெரிக்க வழக்கில் ஒன்றுதான். ஒரு நிரலர் இரண்டு எல் போட்டுச் சேமித்திருப்பார். பணத்தைத் திருப்பித் தரும் பகுதியை எழுதியவர் ஒற்றை 'எல்' உள்ள சொல்லைத் தேடுவார். கம்பைலருக்கு இரண்டுமே செல்லுபடியான ஸ்ட்ரிங். அது வாயே திறக்காது. வாடிக்கையாளருக்குப் பணம் மட்டும் போய்ச் சேராது.

இப்படிப்பட்ட பிழை நிலைத்தும் விடும். வாசகர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று பிரவுசர் சர்வருக்குச் சொல்லும் 'ரெஃபரர்' தலைப்பில் ஓர் 'ஆர்' குறைவு. 1996-இல் வெளியான ஹெச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. திருத்தினால் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்கள் குழம்பும் என்பதால் இன்றுவரை யாரும் கைவைக்கவில்லை.

இத்தகைய பிழையைப் பிடிக்க உதவும் எனம் என்பது, ஒரு மாறி ஏற்கக்கூடிய மதிப்புகளை முன்கூட்டியே பட்டியலிட்டு, அதையே ஒரு தனி வகையாக அறிவிப்பது. நிக்லாஸ் விர்த் 1970-இல் வெளியிட்ட பாஸ்கல் மொழியிலேயே இந்த வசதி உண்டு. ஜாவாவுக்கு 2004-இலும் பைத்தானுக்கு 2014-இலும் பிஹெச்பிக்கு 2021-இலும் வந்து சேர்ந்தது.

'ஆர்டர்நிலை' என்று எனம் அறிவித்துவிட்டால், எடிட்டரில் அந்தப் பெயருக்குப் பின் புள்ளி வைத்ததுமே நான்கு நிலைகளும் வரிசையாக வந்து நிற்கும். ஜாவாவில் ஓர் எல் மாறினாலும் நிரல் கம்பைல் ஆகாது. பைத்தானில் அந்த வரி ஓடும்போதே பிழை காட்டி நின்றுவிடும். நாளை 'ரிட்டர்ன்டு' என்ற ஐந்தாவது நிலை சேர்கிறதா? ரஸ்ட் மொழியின் 'மேட்ச்' கட்டளையில் எந்தெந்த இடங்களில் அதைக் கையாளவில்லை என்று கம்பைலரே சுட்டிக்காட்டும். சி மொழி அவ்வளவு கறார் அல்ல. அங்கே எனம் மாறிக்குள் பட்டியலில் இல்லாத எண்ணையும் போட்டுவிடலாம்.

வெளியிலிருந்து வரும் ஜேசன் தரவில் ஆர்டரின் நிலை வெறும் ஸ்ட்ரிங்காகத்தான் இருக்கும். அதை உள்ளே நுழையும்போதே எனமாக மாற்றி, பொருந்தாததை அங்கேயே நிராகரிக்க வேண்டும். டேட்டாபேஸில் வைக்கும்போதும் கவனம் தேவை. ஜாவா நிரலை டேட்டாபேஸோடு இணைக்கும் ஜேபிஏ, நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால் எனத்தின் வரிசை எண்ணைச் சேமிக்கும். பிறகு பட்டியலின் நடுவில் புதிய நிலையைச் செருகினால், பழைய ஆர்டர்களின் நிலை தாறுமாறாகும். அதனால் டேட்டாபேஸில் மட்டும் பெயரை ஸ்ட்ரிங்காகவே சேமிக்கச் சொல்வது அனுபவசாலிகளின் வழக்கம்.