ஆங்ஸ்டர்: மலைநாட்டுச் செம்புச் சில்லறை

பதினெட்டாம் நூற்றாண்டில் லூசெர்ன், ஷ்விட்ஸ் முதலிய சுவிஸ் மாநிலங்களில் ஆங்ஸ்டர் என்றொரு சின்னச் செம்புக் காசு புழங்கியது. ஒரு பக்கம் மாநிலத்தின் கேடயச் சின்னம், மறுபக்கம் மதிப்பும் ஆண்டும். இரண்டு ஆங்ஸ்டர் ஒரு ராப்பன். மூன்று ராப்பன் ஒரு ஷில்லிங். நாற்பது ஷில்லிங் ஒரு குல்டன். ஆக, ஒரு குல்டனுக்கு 240 ஆங்ஸ்டர்.

அன்றைய சுவிட்சர்லாந்து ஒரே நாடல்ல, சிறு நாடுகளின் கூட்டணி. மாநிலம், நகரம், மடம், ஆயர் என்று ஏறத்தாழ 75 பேர் நாணயம் அடித்தார்கள். சூர் நகரை ஒட்டிய ஹால்டன்ஸ்டைன் என்னும் குட்டிப் பிரபுவின் ஊருக்கும் 1612-இல் அந்த உரிமை கிடைத்தது.

சில்லறை அடிப்பதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. பெரிய காசோ சின்னக் காசோ, தகடு தட்டவும் வில்லை வெட்டவும் அச்சடிக்கவும் ஆகும் உழைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். சின்னக் காசுக்கு முழு மதிப்புக்கும் வெள்ளி போட்டால் அக்கசாலைக்கு நஷ்டம். அதனால் வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டினார்கள். பிறகு வில்லைகளைச் சமையல் உப்போடும், மதுப் பீப்பாயில் படியும் புளிப்பு உப்போடும் கொதிக்கவைப்பார்கள். மேற்பரப்பின் செம்பு கரைந்து காசு வெள்ளையாகப் பளிச்சிடும். சில மாதம் கை மாறினால் உள்ளிருக்கும் செம்பு தெரிந்துவிடும்.

இந்த ஏற்பாட்டின் பாரம் ஏழைகள் மீது விழுந்தது. 1652 டிசம்பரில் பெர்ன் அரசு, செம்பு மிகுந்த தன் பாட்சன் காசின் மதிப்பைப் பாதியாக வெட்டியது. பழைய மதிப்புக்கு மாற்றிக்கொள்ளக் கிடைத்த அவகாசம் மூன்றே நாள். லூசெர்னும் பின்தொடர்ந்தது. செல்வர்களிடம் தங்கமும் வெள்ளியும் இருந்தன. உழவர்களின் சேமிப்போ சில்லறையில். என்ட்லெபூஹ் பள்ளத்தாக்கு மக்கள் முறையிட்டார்கள், லூசெர்ன் செவிசாய்க்கவில்லை. வரி கட்ட மறுத்தார்கள். 1653-ஆம் ஆண்டின் பெரும் உழவர் போர் இப்படித்தான் மூண்டது.

இதையெல்லாம் பார்க்கும்போது, வெறும் செம்பால் ஆன ஆங்ஸ்டரே நேர்மையான காசு என்று எனக்குத் தோன்றுகிறது. அது வெள்ளி வேடம் போடவில்லை. அடித்த மாநிலம் தன் எல்லைக்குள் ஏற்கும் என்ற நம்பிக்கைதான் அதன் மதிப்பு. இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் எல்லாக் காசும் அந்த வகையே.

1798-இல் வந்த ஹெல்வேஷியக் குடியரசு, ஒரு ஃபிராங்குக்கு 10 பாட்சன், 100 ராப்பன் என்று கணக்கை ஒழுங்குபடுத்தியது. குடியரசு ஐந்தாண்டில் கலைந்ததும் மாநிலங்கள் மறுபடி தம் காசை அடித்தன. 1843-இலும் லூசெர்ன் ஆங்ஸ்டர் வெளியிட்டது. 1848 அரசியலமைப்பு நாணய உரிமையைக் கூட்டாட்சியிடம் ஒப்படைத்தது. 1850 நாணயச் சட்டத்துக்குப் பின் ஆங்ஸ்டர் செல்லாமல் போயிற்று. ராப்பன் மட்டும் ஃபிராங்கின் நூறில் ஒரு பங்காக இன்றும் நீடிக்கிறது.