அரை மணி நேர மீட்டிங்கா, ஒரு நிமிட வீடியோவா? ஆபீஸ் டீமுக்கு ஆப் தேடுவதற்கு முன்...

திருப்பூர் பனியன் கம்பெனியில் அமெரிக்க ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கு மாலை ஆறு மணியோடு வேலை முடிந்துவிடுவதில்லை. நியூயார்க்கில் அப்போதுதான் காலை ஏழரை அல்லது எட்டரை. பையர் ஆபீஸுக்கு வந்து, மெயில்களைப் பார்த்துவிட்டு வீடியோ காலுக்கு வரும்போது இங்கே இரவு எட்டைத் தாண்டிவிடும். சாம்பிள் டி-ஷர்ட்டின் கழுத்துப் பட்டியில் தையல் லேசாகச் சுருங்கியிருக்கிறது. அதைக் காட்டி, ‘இப்படியே இருக்கலாமா, பிரித்துத் தைக்கட்டுமா?’ என்று கேட்க வேண்டும். விஷயம் 40 விநாடிதான். காத்திருப்பதோ இரண்டு மணி நேரம்!

அந்த 40 விநாடியை மொபைலில் பதிவு செய்து அனுப்பிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினால், அதுதான் வீடியோ மெசேஜ். பையர் தனக்கு வசதியான நேரத்தில் பார்ப்பார். பதில் காலையில் வந்திருக்கும். மெயிலில் ‘கழுத்தில் சுருக்கம்’ என்று நாலு வரி எழுதினால், எந்த இடத்தில், எவ்வளவு என்று கேட்டு இன்னும் நாலு மெயில் வரும். துணியை விரலால் இழுத்துக் காட்டினால் அந்தக் கேள்விகளுக்கு வேலையில்லை.

இப்போது இதற்கான வழிகளுக்குப் பஞ்சமில்லை. வட்டத்துக்குள் முகம் தெரியும் 60 விநாடி வீடியோவை டெலிகிராம் 2017-லும், வாட்ஸ்அப் 2023-லும் கொண்டுவந்தன. ஸ்லாக் 2021-ல் ‘கிளிப்ஸ்’ வசதியைச் சேர்த்தது. கணினித் திரையையும் பேசுபவரின் முகத்தையும் ஒன்றாகப் பதிவு செய்து, ஒரு லிங்க்காக அனுப்பும் லூம் இந்தத் துறையில் பிரபலம். 2023 அக்டோபரில் அதை 97.5 கோடி டாலருக்கு வாங்குவதாக அட்லாசியன் நிறுவனம் அறிவித்தது. இந்தச் சின்ன வீடியோக்களுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய சந்தை இருக்கிறது என்பதற்கு அந்தத் தொகையே சாட்சி.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

பார்க்கப்போவது யார்?

பெரும்பாலான நிறுவனங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. மேனேஜரும் ஐ.டி. பிரிவில் இருப்பவரும் உட்கார்ந்து வசதிகளை ஒப்பிடுகிறார்கள். பின்னணியை மங்கலாக்கலாம், ஸ்மைலி போடலாம், ஏ.ஐ. தலைப்பு வைத்துத் தரும்... எல்லாமே பதிவு செய்பவருக்கான வசதிகள். பார்க்கப்போகிறவர் தையல் லைனில் நிற்கும் சூப்பர்வைசர். அவரிடம் இருப்பது நாலு வருடப் பழைய மொபைல், ஏறக்குறைய நிரம்பிவிட்ட மெமரி. சுற்றிலும் மெஷின் சத்தம்.

லிங்க்கைத் தொட்டதும் ‘கணக்கு தொடங்குங்கள், பாஸ்வேர்டு அமையுங்கள்’ என்று ஒரு ஆப் கேட்டால் என்ன ஆகும்? அவர் வீடியோவைப் பார்க்க மாட்டார். கேட்டால், “பார்த்துட்டேன் சார்” என்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. லாக்-இன் இல்லாமல் திறக்கிறதா என்பதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும், அதுவும் டீமிலேயே பழைய மொபைலில். டேட்டாவும் பெரும்பாலும் அவர் சொந்தக் காசில் ரீசார்ஜ் செய்ததுதான். ஓரளவு தெளிவான ஒரு நிமிட வீடியோ சுமார் 10 எம்.பி. பிடிக்கும். நாளுக்கு இருபது வந்தால் 200 எம்.பி. போய்விடும். குறைந்த தரத்தில் பார்க்கும் வசதி இருக்கிறதா என்று கேட்பது கஞ்சத்தனம் இல்லை.

சத்தத்துக்கு நடுவே பேச்சு கேட்காது என்பதால் திரையில் ஓடும் எழுத்துகள் அவசியம். காது கேளாத ஊழியர் இருந்தால் இன்னும் அவசியம். பல ஆப்கள் பேச்சைத் தாமாகவே எழுத்தாக்கித் தருகின்றன. ஆனால் நம் ஆபீஸ்களில் யாரும் சுத்தத் தமிழிலோ சுத்த ஆங்கிலத்திலோ பேசுவதில்லையே. ‘அந்த லாட்ல ரிப் கொஞ்சம் லூஸா இருக்கு, கட்டிங்குக்கு விடாதீங்க’ என்பதுதான் நம் மொழி. இதில் ‘விடாதீங்க’ என்பதை ஆப் ‘விடுங்க’ என்று எழுதிவிட்டால்? வெட்டிய துணியை ஒட்ட முடியாது. பணம் கட்டும் முன் இப்படிப் பத்து வாக்கியங்களைப் பேசி, என்ன எழுதுகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

வாட்ஸ்அப் போதாதா?

இருபது பேர் வேலை பார்க்கும் இடத்தில் பலரும் கேட்கும் கேள்வி இது. எல்லோர் மொபைலிலும் இருக்கிறது, கற்றுத்தர வேண்டியதில்லை, காசும் இல்லை. உண்மைதான். சின்ன டீமுக்கு, அன்றன்றைய விஷயங்களுக்கு அது தாராளமாகப் போதும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பிள்ளையின் பிறந்தநாள் வீடியோவும் கம்பெனியின் புது டிசைனும் ஒரே கேலரியில் கிடக்கும். ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது மெஷினை எப்படி செட் செய்வது என்று அவர் எடுத்து வைத்த வீடியோக்களும் அவரோடு போய்விடும். ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் கிடைக்காது.

இன்னொன்று, அதிகம் பேசப்படாத விஷயம். தையல் பிரிவில் எடுக்கும் எந்த வீடியோவிலும் பின்னால் நாலைந்து பெண்களாவது தெரிவார்கள். துணியில் உள்ள குறையைக் காட்ட எடுத்ததில் அவர்கள் முகமும் சேர்ந்து போகிறது. என்க்ரிப்ஷன் இருப்பதால் வழியில் யாரும் பார்க்க முடியாதுதான். ஆனால் பெற்றுக்கொண்டவர் அதை நாலு குரூப்புக்குத் தட்டிவிட்டால் என்க்ரிப்ஷன் என்ன செய்யும்? முகமும் குரலும் தனிநபர் தகவல்கள். அவற்றுக்கான பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறி, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; படிப்படியாக அமலுக்கு வருகிறது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். கேமராவைத் துணியின் பக்கம் மட்டும் திருப்புவதற்கும், ‘எடுக்கட்டுமா அக்கா?’ என்று ஒரு வார்த்தை கேட்பதற்கும் எந்த ஆப்பும் தேவையில்லை.

லிங்க்காக அனுப்பும் ஆப்களிலும் கவனம் வேண்டும். ‘லிங்க் இருப்பவர் யாரும் பார்க்கலாம்’ என்ற அமைப்பு முன்கூட்டியே ஆன் ஆகியிருக்கிறதா, குறிப்பிட்டவர்களுக்கு மட்டும் என்று மாற்ற முடிகிறதா, நாள் கடந்ததும் லிங்க்கை முடக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியும் நூறு சதவிகித உத்தரவாதம் கிடையாது. 2023 மார்ச்சில் லூமில் ஏற்பட்ட கோளாறில், சிலர் தங்கள் கணக்கைத் திறந்தபோது முன்பின் தெரியாதவர்களின் வீடியோக்கள் தெரிந்தன. தங்கள் பக்கம் செய்த ஓர் அமைப்பு மாற்றமே காரணம் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. பாஸ்வேர்டு, சம்பள விவரம், கஸ்டமரின் வங்கிக் கணக்கு எல்லாம் திரையில் திறந்திருக்கும்போது ‘ரெக்கார்டு’ பட்டனைத் தொடாமல் இருப்பதே மேல்.

கடையையே மூடிவிட்டால்?

2003-ல் தொடங்கி, வெளிநாட்டுப் பிள்ளைகளோடு பெற்றோரைப் பேச வைத்த ஸ்கைப், 2025 மே 5-ம் தேதி மூடப்பட்டது. ஆபீஸ்களுக்கென்றே ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா நடத்திய வொர்க்பிளேஸை மூடப்போவதாக 2024 மே மாதம் அறிவிப்பு வந்தது. ஆபீஸ் காகிதங்களை ஸ்கேன் செய்யப் பலரும் நம்பியிருந்த கேம்ஸ்கேனர், 2020 ஜூனில் மத்திய அரசு தடை செய்த 59 சீன ஆப்களில் ஒன்று. இன்று எல்லோரும் பயன்படுத்துகிறார்கள் என்பதால் நாளையும் இருக்கும் என்று சொல்ல முடியாது. எல்லா வீடியோக்களையும் மொத்தமாக, சாதாரண எம்.பி.4 ஃபைல்களாக டவுன்லோடு செய்ய விடுகிறதா என்று சேரும் அன்றே கேட்டுவிட வேண்டும். கணக்கும் கம்பெனியின் மெயில் முகவரியில் இருக்கட்டும், யாரோ ஓர் ஊழியரின் சொந்த ஜிமெயிலில் வேண்டாம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: லூமின் இலவசக் கணக்கில் நெடுநாளாக இருந்துவரும் எல்லை, ஒருவருக்கு 25 வீடியோ, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். ஐந்து நிமிடம் தாராளம். 25 என்பது ஒரு மாதத்துக்கே தாங்காது. கட்டணத் திட்டங்களில், பதிவு செய்பவருக்கு மட்டும்தான் காசா, பார்ப்பவருக்குமா என்பதில் மொத்தக் கணக்கும் மாறும். ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட், கூகுள், ஸோஹோ என ஏதாவது ஒன்றுக்குச் சந்தா கட்டுகிறீர்கள் என்றால், அதற்குள்ளேயே இந்த வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புதிதாகச் செலவழிக்கலாம்.

இரவு பத்தரைக்கு மேனேஜரின் முகத்தோடு வரும் வீடியோ, வெறும் எழுத்து மெசேஜைப் போல இருக்காது. பிள்ளையைத் தூங்க வைத்துக்கொண்டிருக்கும் பெண் அதைக் காலை வரை திறக்காமல் விட்டுவைக்க முடிய வேண்டும். காலையில் போய்ச் சேரும்படி நேரம் குறித்து அனுப்பும் வசதி சில ஆப்களில் உண்டு, தேடிப் பாருங்கள். யார் பார்த்தார், யார் பார்க்கவில்லை என்ற விவரத்தை ஆப் காட்டினால், அதை யார் யாரெல்லாம் பார்க்கலாம் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுவது நல்லது. முகம் காட்டிப் பேசக் கூச்சப்படுபவர்கள் திரையையோ கையில் இருக்கும் பீஸையோ மட்டும் காட்டிப் பேசட்டும்.

இரண்டு ஆப்களைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு ஒரு வாரமாக ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்க்கலாம். அந்த ஐந்து பேரும் கம்ப்யூட்டரில் கெட்டிக்காரர்களாக இருந்தால் எந்த ஆப்பும் பாஸாகிவிடும். செக்கிங் டேபிளில் இருப்பவர் ஒருவர், வெளியூர் டெலிவரிக்குப் போகிறவர் ஒருவர், ‘எனக்கு இதெல்லாம் வராதுங்க’ என்று சொல்பவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். முதல் நாள் யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர்களுக்கு ஒரு வீடியோவை அனுப்பிவிட்டு, அதில் என்ன சொல்லப்பட்டது என்று மறுநாள் நேரில் கேட்டுப் பாருங்கள்.