பிராண்ட் பாசம் கண்ணை மறைக்கலாமா?

2016-ல் ஐபோன் 7 ஹெட்போன் ஜாக் இல்லாமல் வந்தது. ஆப்பிள் ரசிகர்கள் பலர் அதை முன்னேற்றம் என்று வரவேற்றார்கள். சாம்சங் ரசிகர்கள் கேலி செய்தார்கள். சாம்சங்கும் தன் விளம்பரத்தில் அதைக் கிண்டலடித்தது. 2019-ல் சாம்சங்கின் நோட் 10-லும் அந்த ஜாக் காணாமல் போனது. 2020-ல் ஐபோன் 12 பெட்டியில் சார்ஜர் இல்லை. அடுத்த சில மாதங்களில் வந்த கேலக்ஸி எஸ்21 பெட்டியிலும் இல்லை.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நம் பிராண்ட் செய்தால் புதுமை, மற்றவன் செய்தால் கொள்ளை என்று பேசப் பழகிவிட்டோம். நிறைய பணம் கொடுத்து வாங்கிய பொருளைக் குறை சொன்னால், நம் தேர்வே தவறு என்று ஆகிவிடுமோ என்ற தயக்கம் ஒருபுறம். வாட்ச், இயர்பட்ஸ், சேமித்த புகைப்படங்கள் என எல்லாம் ஒரே நிறுவனத்தோடு பிணைந்திருப்பது மறுபுறம்.

எங்கே ஆபத்து?

பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை அப்டேட் மூலம் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. போன் திடீரென அணைந்துபோவதைத் தடுக்கவே அப்படிச் செய்ததாக விளக்கம் சொன்னது. 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ, சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. அப்டேட்கள் பழைய போன்களின் செயல்திறனைக் கெடுத்தன, அதை வாங்கியவர்களுக்குச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்பதே இரு நிறுவனங்கள் மீதும் இருந்த குற்றச்சாட்டு. ரசிகர்கள் எதிரெதிர் அணியில் நின்றார்கள். நிறுவனங்களோ ஒரே நாளில் அபராதம் பெற்றன.

வரப்போகும் வசதியை நம்பி இன்றே பணம் கொடுப்பது இன்னொரு ஆபத்து. 2024 ஜூனில் அறிவித்த, ஐபோனின் குரல் உதவியாளரான சிரியின் புதிய செயற்கை நுண்ணறிவு வசதிகளை 2025 மார்ச்சில் ஆப்பிள் தள்ளிவைத்தது. அதற்குள் ஐபோன் 16 விற்பனைக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

சட்டம் தரும் உரிமை

இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளின் தரம், விலை பற்றிய தகவலைப் பெறும் உரிமையை நமக்குத் தருகிறது. தவறான விளம்பரம் செய்யும் தயாரிப்பாளருக்கும், அதில் தோன்றிப் பரிந்துரைப்பவருக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். தவறு தொடர்ந்தால் 50 லட்சம் வரை போகலாம்.

என்ன செய்யலாம்?

• இன்று போனில் இயங்கும் வசதிக்கு மட்டும் பணம் கொடுங்கள். எத்தனை ஆண்டு அப்டேட் வரும் என்று கேட்டு வாங்குங்கள்.

• பில், விளம்பரத்தின் படம், நிறுவனத்துடன் நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

• முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தவறான விளம்பரம் என்றால் மாவட்ட ஆட்சியரிடமும் புகார் செய்யலாம்.

• அதிலும் தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை, பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் அணுகுங்கள். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

பிடித்த பிராண்டை வாங்குவதில் தவறில்லை. ஆனால், ஒரு புதிய வசதியைப் பாராட்டும் முன், ஒரு குறையைப் பொறுத்துக்கொள்ளும் முன், இதையே மற்ற நிறுவனம் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று ஒரு கணம் யோசியுங்கள். புகார் செய்திருப்பேன் என்று மனம் சொன்னால், இப்போதும் செய்யுங்கள். பணம் கொடுத்தவர் நீங்கள். கேட்கும் உரிமையும் உங்களுடையதே.