பள்ளிக் கடைகளின் கூலி: வக்புச் சொத்து வளர்வதும் தேய்வதும்

வாடகைக்கு நமது ஊர்களில் இன்னும் 'கூலி' என்றுதான் பேச்சு. கடைக் கூலி, வீட்டுக் கூலி என்போம். உழைத்தவனுக்குக் கொடுப்பதும் கூலிதான். அறபியில் 'உஜ்றத்' என்ற சொல்லும் இவ்விரண்டையும் ஒருங்கே குறிக்கும். உழைத்தவனின் கூலியைக் குறைப்பது அநீதி என்பதில் நம்மில் எவருக்கும் மறுப்பில்லை. பள்ளிவாசல் கடையின் கூலி குறைந்து கிடந்தால் மட்டும் ஏன் பேசாதிருக்கிறோம்?

கைபரில் கிடைத்த காணியை உமர் (ரழி) அவர்கள் வக்பு செய்தபோது, அது விற்கப்படாது, அன்பளிப்புச் செய்யப்படாது, வாரிசுரிமையாகவும் போகாது என்ற நிபந்தனை இடப்பட்டது. மூலம் நிலைத்திருக்கும்; பயன் பங்கிடப்படும். நம் ஊர்க் கடைத்தெருவில் பள்ளிக்குச் சொந்தமான கடைகளும் அந்த வகையைச் சேர்ந்தவையே. கதீபின் சம்பளம், மின்சாரக் கட்டணம், குர்ஆன் மத்ரஸாச் செலவு எல்லாம் அந்தக் கூலியில்தான் நடக்கின்றன.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்குப் பத்துக் கடைகள். கடையொன்றுக்கு மாதம் 8,000 ரூபா. அதே வரிசையில் தனியார் கடைக்கு 25,000. அதாவது பள்ளிக்கு வருவது 80,000. வர வேண்டியது 2,50,000. சில கடைகளை எடுத்தவர்கள் இன்னொருவருக்குக் கை மாற்றி, இடைவெளியைத் தாங்கள் எடுக்கிறார்கள். கேட்டால், "பள்ளிக் கடதானே, வாப்பா காலத்திலிருந்து இருக்கம்" என்பது பதில். இமாமின் சம்பளத்துக்கு ஜும்ஆவில் துண்டு விரிப்பதும் அதே பள்ளியில்தான்.

சட்ட அறிஞர்கள் இதை முன்பே கண்டிருந்தார்கள். வக்புச் சொத்தை அதுபோன்ற சொத்துக்குரிய கூலிக்கே கொடுக்க வேண்டும். 'உஜ்றதுல் மித்ல்' என்பது அதுதான். ஹனபி நூல்கள் கட்டடத்துக்கு ஒரு வருடம், காணிக்கு மூன்று வருடம் என்று குத்தகைக் காலத்துக்கே எல்லை கட்டின. நீண்ட காலம் இருப்பவன் நாளடைவில் அதைத் தனது சொத்தென்று சொல்லிவிடுவான் என்பதே அவர்கள் கூறிய காரணம்.

அந்தப் பயம் வீணானதல்ல. உதுமானிய ஆட்சியில் இஸ்தான்புல் நகரத் தீ விபத்துகளில் வக்புக் கட்டடங்கள் அழிந்தபோது, திருப்பிக் கட்டக் காசில்லை. 'இஜாரதைன்', அதாவது இரட்டை வாடகை என்ற முறை வந்தது. கட்டடத்தின் பெறுமதிக்குக் கிட்டிய ஒரு பெருந்தொகையைக் குத்தகைக்காரர் முதலில் கொடுப்பார். பிறகு வருடாவருடம் சிறு தொகை. கட்டடம் எழும்பியது. ஆனால் அவருடைய உரிமை பிள்ளைகளுக்குப் போனது, கை மாறியது. வக்புக்குப் பெயரும் சில்லறையும் மிஞ்சின. இன்று நாம் வாங்கும் 'கீ மணி' இதன் தம்பிதான். ஒரு நிருவாகம் கீ மணியை வாங்கிச் செலவழித்துவிடும். அடுத்து வரும் பத்து நிருவாகங்கள் குறைந்த கூலியைச் சுமக்கும்.

அப்படியானால் மேல் மாடி கட்டக் காசுக்கு எங்கே போவது? வட்டிக் கடன் ஆகாது. வக்புக் காணியை ஈடு வைக்கவும் கூடாது. குறைந்து செல்லும் முஷாரகா ஒரு வழி. ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆறு கடைகள் கொண்ட மாடிக்கு 120 இலட்சம் செலவு. பள்ளி 30 இலட்சம், முதலீட்டாளர் 90 இலட்சம். காணி வக்பாகவே இருக்கும். கட்டடத்தில் மட்டுமே பங்கு. கடைக்கு 30,000 வீதம் மாதம் 1,80,000 வந்தால், பள்ளியின் கால்பங்கு 45,000, வருடத்துக்கு 5,40,000. அதைச் செலவழிக்காமல் வருட முடிவில் முதலீட்டாளரின் பங்கை வாங்க வேண்டும். அடுத்த வருடம் பள்ளியின் பங்கு கூடும், கூலியும் கூடும். இப்படியே போனால் ஒன்பதாவது வருடத்தில் முழு மாடியும் பள்ளிக்குச் சொந்தம். திருத்தச் செலவும் கடை வெறுமையாகக் கிடக்கும் மாதங்களும் சேர்ந்தால் காலம் நீளும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. சிங்கப்பூரில் பென்கூலன் வீதிப் பள்ளிவாசலின் வக்புக் காணியை, 2000களின் தொடக்கத்தில், முஷாரகா சுகூக் மூலம் 35 மில்லியன் சிங்கப்பூர் டொலர் திரட்டி மீளக் கட்டினார்கள். பள்ளியோடு கடைத் தொகுதியும் வாடகை மாடியும் எழுந்தன.

ஆனால் முதலீட்டாளர் முதலில் பார்ப்பது ஒப்பந்தத்தை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னிலையில் எழுத வேண்டும். நம் பள்ளிகள் பலவற்றில் இருப்பதோ ஒரு துண்டுக் கடதாசி, அல்லது வாய்ப்பேச்சு. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் வக்பு சபையை நமக்குத் தந்திருக்கிறது. கணக்கை ஒழுங்காக வைத்திருப்பவருக்கே அதனால் பயன்.

ஆகவே வேலை மாடியிலிருந்து அல்ல, கொப்பியிலிருந்து தொடங்குகிறது. எத்தனை கடை, யார் பெயரில், உண்மையில் உள்ளே இருப்பவர் யார், என்ன கூலி, எப்போது முடிவு, சந்தைக் கூலி எவ்வளவு என்ற ஆறு நிரல்களை எழுதிப் பள்ளியின் அறிவித்தல் பலகையில் தொங்கவிடலாம். இருப்பவரை ஒரே நாளில் எழுப்ப வேண்டியதில்லை. இரண்டு மூன்று வருடத்தில் படிப்படியாகச் சந்தைக் கூலிக்குக் கொண்டுவரலாம். ஏழை வியாபாரிக்கு உதவுவதென்றால் ஸகாத்திலிருந்து உதவலாம்; வக்பின் கூலியைக் குறைத்து உதவும் உரிமை நிருவாகத்துக்கு இல்லை. கொடுத்தவர் கபுறில் இருக்கிறார். அவருக்குச் சேர வேண்டிய நன்மை இந்தக் கூலியில்தான் தங்கியிருக்கிறது.