கல்கின் ஆற்றுப் போரும் கடல்கடந்த தமிழரும்

தொல்காப்பியர் புறத்திணைகளுள் வெட்சியை முதற்கண் வைத்தார். பகைவர் ஆநிரையைக் கவர்தலே போரின் தொடக்கம் என்பது பழந்தமிழர் கண்ட நெறி. ஆநிரை மீட்கப் பொருது வீழ்ந்தோர்க்கு எடுத்த நடுகற்களைத் தருமபுரிப் பகுதியில் இன்றும் காண்கிறோம். மேய்ச்சல் நிலத்தில் எழும் சிறு பூசல் பெரும்போராய் வளர்வதற்கு இருபதாம் நூற்றாண்டும் ஒரு சான்று தந்துள்ளது. அதுவே 1939இல் மங்கோலிய எல்லையில் நிகழ்ந்த கல்கின் ஆற்றுப் போர்.

1931இல் மஞ்சூரியாவினுள் படையெடுத்துப் புகுந்த ஜப்பான், அடுத்த ஆண்டு அங்கு மஞ்சுகோ என்னும் பொம்மை அரசை நிறுவியது. கல்கின் ஆறே எல்லை என்றது ஜப்பான். ஆற்றுக்குக் கிழக்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், நோமோன்கான் சிற்றூரை ஒட்டியதே எல்லை என்றது மங்கோலியா. அதற்குத் துணைநின்றது சோவியத் நாடு.

மே 11 அன்று, குதிரைகளுக்கு மேய்ச்சல் தேடிப் பூசலுக்குரிய நிலத்தில் புகுந்த மங்கோலியக் குதிரைவீரர்களை மஞ்சுகோ படையினர் தாக்கினர். நான்கே திங்களில் அது டாங்கிகளும் போர் விமானங்களும் மோதும் களமாயிற்று. ஆகஸ்டு 20 அன்று சோவியத் தளபதி சூக்கோவ் பெருந்தாக்குதலைத் தொடங்கி, ஜப்பானின் 23ஆம் டிவிஷனை இருபுறமும் வளைத்து, அம்மாத இறுதிக்குள் சிதைத்தார். செப்டம்பர் 1இல் ஜெர்மானியர் போலந்தினுள் நுழைய, இரண்டாம் உலகப் போர் மூண்டது. செப்டம்பர் 15இல் மாஸ்கோவில் போர்நிறுத்தம் உடன்பாடாயிற்று.

எங்கோ நிகழ்ந்த இப்போருக்கும் நமக்கும் யாது தொடர்பு எனலாம். வடக்கே சோவியத்தை வெல்வதா, தெற்கே எண்ணெயும் ரப்பரும் விளையும் நாடுகளைக் கொள்வதா என்ற இருவேறு கருத்துகள் ஜப்பானியரிடையே இருந்தன. கல்கின் ஆற்றுத் தோல்வி வடக்குநோக்கிய எண்ணத்தைத் தளர்த்தியது. 1941 ஏப்ரலில் இரு நாடுகளும் நடுநிலை உடன்படிக்கை செய்துகொண்டன. அவ்வாண்டு அமெரிக்கா எண்ணெய் விற்பனையைத் தடுத்தது மற்றொரு பெருங்காரணமாயிற்று. ஜப்பான் தெற்கே திரும்பியது.

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. போரின் நிழல் கொங்கு மண்ணையும் தொட்டது. சூலூர் விமானதளம் அக்காலத்தில் போர்ப்பணிக்கு உரியதாயிற்று.

பெருந்துயர் உற்றோர் மலாயாத் தோட்டத் தமிழரே. சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இருப்புப்பாதைக்குப் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். பசியும் வாந்திபேதியும் கொடிய உழைப்பும் அவர்களை மாய்த்தன. அங்கு மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் காஞ்சனபுரியில் உள்ளன. தமிழருள் பெரும்பாலோர் பெயரெழுதப் பெறாமலே மண்ணுள் மறைந்தனர்.

ஆநிரை மீட்டவனுக்குக் கல் நட்ட மரபு நம்முடையது. அப்பெயரற்றோரின் வரலாற்றைத் தேடித் தொகுத்தலும் அம்மரபின் பாற்பட்ட கடனே. மாணவர் இப்பணியை மேற்கொள்வாராக.