கரியின் வடிவமும் இரும்பின் குணமும்

பம்பு செட்டின் வார்ப்பிரும்புப் பாதம், போல்ட்டை இறுக்கும்போதே படீரென்று பிளந்துபோயிற்று என்றும், எஃகாயிருந்தால் வளைந்தல்லவா கொடுத்திருக்கும், இரும்பிலும் இத்தனை பேதமா என்றும் வாசகர் ஒருவர் வினவியிருக்கிறார்.

பேதத்தை விளைவிப்பது பெரும்பாலும் இரும்பினுள் உறையும் கரியே. எடையில் நூற்றுக்கு 3 அல்லது 3.5 பங்கே உள்ள அது, மிக லேசான வஸ்துவாகையால், கனபரிமாணத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை அடைத்துக்கொள்கிறது. சாதாரண வார்ப்பிரும்பு உறையும்போது அது மெல்லிய கிராஃபைட் செதில்களாகப் பிரிகிறது. தனக்கென வலிவற்ற அச்செதில் ஒவ்வொன்றும் உள்ளே முன்கூட்டியே கிடக்கும் கீறலுக்கு ஒப்பாகையால், இழுவிசை முழுதும் அதன் கூரிய நுனியில் குவிகிறது. ஜவுளிக்கடைக்காரர் துணியின் ஓரத்தில் கத்தரியால் சிறு வெட்டுக் கொடுத்துவிட்டு, மீதியைக் கையாலேயே சரேலென்று கிழிப்பதைச் சிறு வயதில் நான் வியந்து பார்த்ததுண்டு. அந்த வெட்டின் வேலையைத்தான் இச்செதில்கள் செய்கின்றன. அமுக்கும் விசையோ கீறலை மூடவே முயல்வதால், இழுவையைப்போல் மூன்று நான்கு மடங்கு அமுக்கத்தை இதே இரும்பு சகிக்கிறது. அதிர்வை விழுங்கும் குணமும் இருப்பதால் கடைசல் இயந்திரங்களின் படுகைக்கு இதுவே உத்தமம்.

என்னை மிகவும் வசீகரிக்கும் விசித்திரம் இனிமேல்தான் வருகிறது. 1943-இல் அமெரிக்காவில், யுத்தகாலத்தில் அரிதாகிவிட்ட குரோமியத்துக்குப் பதிலி தேடிக்கொண்டிருந்த கீத் மில்லிஸ் என்பவர், உருகிய இரும்பில் மக்னீசியத்தைச் சேர்த்துப் பார்த்தபோது, கரி செதிலாகாமல் சிறு சிறு உருண்டைகளாகத் திரண்டிருக்கக் கண்டார். இரும்பில் தங்கவேண்டிய மக்னீசியம் நூற்றுக்கு 0.04 பங்கு அளவுதான். ஆயினும், அறுபடுமுன் நூற்றுக்கு ஒரு பங்குகூட நீளாத பொருள், சில வகைகளில் 18 பங்கு வரை நீள்கிறது. உருண்டைக்குக் கூர்நுனி இல்லை. இழுக்க இழுக்க, உருண்டையைச் சுற்றி இரும்பு விலகிச் சிறு வெற்றிடம் தோன்றி, அவ்வெற்றிடங்களுக்கு இடைப்பட்ட இரும்பு மெலிந்து நீண்டு, அதன் பின்னரே அறுபடுகிறது.

ஆனால் இந்த மக்னீசியம் நிலையாக நிற்பதன்று. உருகிய இரும்பைக் கரண்டியில் காக்க வைத்தால், நிமிஷக் கணக்கில் அது விலகிப்போக, உருண்டைகள் உருக்குலைந்து பழைய செதில்களே தலைகாட்டுகின்றன. வார்த்த பொருளின் வெளித்தோற்றத்தில் இது தெரியாது. எடையையும் விலையையும் மட்டும் விசாரித்து வாங்குவோரும், அவசரத்தில் சோதனைத் துண்டு வார்ப்பதைத் தவிர்ப்போரும் இருப்பது எனக்கு மிகுந்த விசனத்தைத் தருகிறது. ஒவ்வொரு கரண்டியின் கடைசி இரும்பிலிருந்தும் ஒரு துண்டை வார்த்து, மெருகேற்றி, உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்துவிடலாம். அதற்கு அதிக நேரம் பிடிப்பதில்லை.