கால் வீக்கமும் கரு கலைவதும் ஒரே நோயாக இருக்கலாம்

"அவளுக்கு வயித்துல புள்ள தங்காது" என்று லயங்களில் பேசுவது உண்டு. ஒரு கால் வீங்கினால், "நாள் முழுக்க மலையில நின்னு கொழுந்து எடுத்தா வீங்காதா?" என்போம். இளவயதுக்காரருக்கு வாய் கோணினால் "காத்து அடிச்சிருச்சு" என்போம். இந்த மூன்றுக்கும் பின்னால் சில வேளைகளில் ஒரே நோய் இருக்கிறது. அதை இங்கே விளக்குகிறோம்.

இது என்ன நோய்?

கவ்வாத்துக் கத்தி பட்டால் இரத்தம் உறைந்து காயத்தை அடைக்கும். அது நல்லது. கிருமிகளை எதிர்க்க உடம்பில் ஒரு காவல் சக்தியும் உண்டு. இந்த நோயில் அந்தக் காவல் சக்தி ஆள் மாறி, சொந்த உடம்பையே தாக்குகிறது. அதனால் காயமே இல்லாமல் இரத்தக் குழாய்க்குள் இரத்தம் கட்டியாகிவிடும். இதற்கு அன்ரிபொஸ்போலிப்பிட் சின்ட்ரோம் என்று பெயர், சுருக்கமாக ஏ.பி.எஸ். என்பார்கள். 1983இல் லண்டனில் டாக்டர் கிரஹாம் ஹியூஸும் அவரோடு வேலை செய்தவர்களும் இதைத் தனி நோயாக எடுத்துக்காட்டினார்கள். இது தொற்றாது. செய்வினையும் அல்ல. ஆண்களுக்கும் வரும், இளம் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

1. ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்காலில் வலி, தொட்டால் சூடு. நின்று வேலை செய்வதால் வரும் வீக்கம் பெரும்பாலும் இரண்டு காலிலும் வரும்.

2. திடீரென்று மூச்சு வாங்குதல், மூச்சு இழுக்கும்போது நெஞ்சு குத்துதல், இருமலில் இரத்தம்.

3. வாய் கோணல், ஒரு கை கால் விளங்காமை, பேச்சுக் குழறல். இது ஐம்பது வயதுக்குள் வந்தால் காரணம் தேட வேண்டும்.

4. மூன்று தடவை தொடர்ந்து கரு கலைதல், அல்லது பத்து வாரத்துக்குப் பிறகு வயிற்றிலேயே பிள்ளை இறத்தல், அல்லது கடும் பிரஷரால் மாதம் நிறையுமுன் பிரசவம்.

5. தோலில் வலை போட்டது மாதிரி ஊதா நிறக் கோடுகள்.

இரண்டாவதும் மூன்றாவதும் வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பாரிசவாதம் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும்.

ஒருமுறை கரு கலைந்தால் பயப்பட வேண்டியதில்லை. நூறு கர்ப்பத்தில் பத்து முதல் இருபது வரை வேறு காரணங்களால் கலைகின்றன. திரும்பத் திரும்ப நடந்தால்தான் இதை யோசிக்க வேண்டும்.

சொன்னால்தான் தெரியும்

கால் வீக்கத்தை ஒரு டாக்டரிடமும், கரு கலைந்ததை மருத்துவிச்சியிடமும் சொல்கிறோம். இரண்டையும் சேர்த்து ஒருவரிடமும் சொல்வதில்லை. அங்கேதான் நோய் தப்பிவிடுகிறது. எல்லாவற்றையும், நடந்த வருஷத்தோடு, கிளினிக் கொப்பியில் எழுதி வையுங்கள். இரத்தப் பரிசோதனையில் நோய் தெரியவரும். குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடியும் செய்து உறுதிப்படுத்துவார்கள். இரண்டாம் முறை போகாமல் விட்டுவிடாதீர்கள்.

1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு நம் உறவுகள் பலர் வடக்கே போய்க் குடியேறினார்கள். அங்கே உள்ளவர்களுக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை பெரிய ஆஸ்பத்திரி. அதே குடாநாட்டில், மானிப்பாயில், டாக்டர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் வைத்தியம் படிப்பித்தார். வைத்திய நூல்களையும் தமிழில் ஆக்கினார். வருத்தத்தைத் தமிழில் விளக்கமாகச் சொல்ல நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. மலைநாட்டில் மொழி சிரமம் என்றால், தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

மருந்து எடுப்பவர்களுக்கு

இரத்தக் கட்டி வந்தவர்களுக்குப் பெரும்பாலும் வார்பரின் குளிசையை நீண்ட காலத்துக்குக் கொடுப்பார்கள். அளவு சரியா என்று ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனையில் பார்ப்பார்கள்.

* கீரையைத் தவிர்க்க வேண்டாம். எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். இங்கே கீரை குறைவாகச் சாப்பிட்டவர், யாழ்ப்பாணத்தில் உறவுக்காரர் வீட்டில் ஒரு மாதம் நின்று தினமும் முருங்கையிலை வறையும் ஒடியல் கூழும் சாப்பிட்டால், மருந்தின் வேகம் குறைந்துவிடலாம். கிளினிக்கில் சொல்லுங்கள்.

* அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்க நேரம் எடுக்கும். துணியால் அழுத்திப் பிடியுங்கள். நிற்காவிட்டால் தோட்ட வைத்தியசாலைக்கு வாருங்கள்.

* கடையில் வலிக் குளிசை வாங்கிப் போடாதீர்கள். காய்ச்சல் வந்தால் வார்பரின் எடுப்பதை முதலில் சொல்லுங்கள். டெங்கு என்றால் ஆபத்து கூடும்.

* மாதவிலக்கு தள்ளிப்போனால் உடனே கிளினிக்குக்குப் போங்கள். வார்பரின் கருவைப் பாதிக்கும். அதற்குப் பதில் ஹெப்பரின் ஊசியும் சிறிய அளவு அஸ்பிரினும் தருவார்கள். நீங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம்.

* கருத்தடைக் குளிசை தொடங்கும் முன் மருத்துவிச்சியிடம் நோயைச் சொல்லுங்கள். சில குளிசைகள் இரத்தம் கட்டுவதைக் கூட்டும்.

இப்படிச் சிகிச்சை பெற்ற தாய்மாரில் பெரும்பாலானோர் உயிருள்ள பிள்ளையைப் பெற்றெடுக்கிறார்கள். ஆகவே வயிற்றில் பிள்ளை தங்காத பெண்ணை ராசி பார்த்துப் பேசாமல், மாமியாரும் புருஷனும் சேர்ந்து அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.